சக்கரம் தரையில் நிற்கும் உயரம்

என் காரின் அடியில் எண்ணெய் சொட்டுவதை முதலில் கண்டவர், எங்கள் புளோக்கின் பலமாடி வாகன நிறுத்துமிடத்தைக் கூட்டும் பெரியவர்தாம். 2025 ஜனவரியில் ஒரு காலை நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவர் ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தின் நுனியால் தரையைக் காட்டினார். ஐம்பது காசு நாணயத்தின் அளவில் ஒரு கரும்பொட்டு இருந்தது. அதனருகே முந்தைய நாள்களின் பொட்டுகள் இரண்டு மூன்று, தூசி படிந்து மங்கிப்போய்க் கிடந்தன. ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கும் காரின் எண்ணெய்க் கசிவை இன்னொருவர் காட்டித் தெரிந்துகொள்வது வெட்கமாகத்தான் இருந்தது.

கார் 1995ஆம் ஆண்டில் பதிவான மாஸ்டா எம்எக்ஸ்-5. இந்த இருவர் அமரும் திறந்த கார் 1989இல் சிக்காகோ வாகனக் கண்காட்சியில் முதன்முதலாக அறிமுகமானது. என்னுடையது பிற்பாடு வந்த 1,839 சிசி எஞ்சின் கொண்ட வகை. தலைமைப் பொறியாளராக இருந்த தோஷிஹிக்கோ ஹிராய் குழுவினர் குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் ஓருடலாக இயங்குவதைக் குறிக்கும் ஜப்பானியத் தொடர் ஒன்றை முன்வைத்து இதை வடிவமைத்தார்கள் என்பது, இந்தக் காரை வைத்திருக்கும் எல்லாரும் சமயம் பார்த்து எடுத்துவிடும் செய்தி. நானும் விடவில்லை. ஆனால் முப்பது வயதான குதிரைக்கு மூட்டு வலிக்கும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

எண்ணெய்ப் பொட்டு மட்டும் என்றால் ஒரு சனிக்கிழமையோடு முடிந்திருக்கும். ஆகஸ்டில் வாகன உரிமைச் சான்றிதழ் காலாவதியாகவிருந்தது என்பதுதான் கவலை. சிங்கப்பூருக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே காருக்குக் கொடுக்கும் விலை வேறு, அதைச் சாலையில் வைத்திருக்கும் உரிமைக்குக் கொடுக்கும் விலை வேறு. 1990ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய அந்த ஏற்பாட்டின்படி உரிமை பத்தாண்டுகளுக்குத்தான். அதற்குப் பிறகும் காரை வைத்துக்கொள்ள விரும்பினால், கடந்த மூன்று மாதங்களில் அந்த உரிமை ஏலம் போன சராசரி விலையைக் கட்டி மேலும் பத்தாண்டு பெறலாம். அல்லது அதில் பாதியைக் கட்டி ஐந்தாண்டு பெறலாம், ஆனால் ஐந்தாண்டு வாங்கினால் அதன்பின் நீட்டிப்பு கிடையாது. என் கார் 2005இலும் 2015இலும் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டது. நான் 2016இல் வாங்கினேன். இப்போது மூன்றாம் முறை. என் பிரிவில் பத்தாண்டுக்கான தொகை 100,000 வெள்ளியைத் தாண்டி நின்றது. இதற்கு மேல், பதினான்கு ஆண்டுகளைக் கடந்த காருக்குச் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல் கட்டணமும் ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனையும் உண்டு.

அவ்வளவு பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் எஞ்சின் எந்த நிலையில் இருக்கிறது, சஸ்பென்ஷன் எந்த நிலையில் இருக்கிறது என்பதை என் கையாலேயே அவிழ்த்துப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வீடு வாங்குகிறவன் சுவரைத் தட்டிப் பார்ப்பதைப் போலத்தான். ஏற்கெனவே ஒரு பட்டறையில் காட்டியதில், எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் இடத்தில் எண்ணெய் வழிவதைப் பார்த்துவிட்டு, கிராங்க் தண்டின் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பின்பக்க சீல் போய்விட்டது, கியர்பெட்டியை இறக்க வேண்டும், 1,400 வெள்ளி ஆகும் என்றார்கள். காரை உயர்த்தி ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாகன நிறுத்துமிடத்தில் ஜாக்கி போட்டுக் காரின் அடியில் படுத்துக்கொள்ள முடியாது. விதிகளும் இடம் கொடா, அண்டை வீட்டாரும் கொடார். காக்கி புக்கிட்டில் சிறிய பட்டறை வைத்திருக்கும் சீனப் பெரியவர் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையின் ஒரு மூலையை அறுபது வெள்ளிக்கு விட்டுக்கொடுக்க அவர் இசைந்தார். அங்கிள் போட்ட நிபந்தனைகள் மூன்று: அவருடைய லிஃப்டைத் தொடக்கூடாது, அவருடைய கருவிகளைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், மாலை ஆறு மணிக்குத் தரை நான் வந்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். அவரிடம் வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் பட்டறையின் மாடியிலேயே தங்கியிருந்தார். விடுமுறை நாளில் சும்மா இருக்க மனமில்லாமல் அவ்வப்போது இறங்கி வந்து வேடிக்கை பார்ப்பார், சில சமயம் கையும் கொடுப்பார்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் விட்டுச்சென்ற மரப்பெட்டி நிறைய ஸ்பேனர்கள் இருக்கின்றன. எல்லாம் அங்குல அளவு. ஜப்பானியக் காருக்கு வேண்டியதோ 10, 12, 14, 17, 19, 21 மில்லிமீட்டர். எனவே அப்பாவின் பெட்டியிலிருந்து இந்த வேலைக்கு உருப்படியாகப் பயன்பட்டவை ஒரு சுத்தியலும், சுங்கை ரோடு சந்தையில் அவர் வாங்கிய ஒரு கடப்பாரையும்தான். அந்தச் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அவருடைய வழக்கம் ஒன்றை விடாமல் கடைப்பிடிக்கிறேன்: பழைய தமிழ் முரசுத் தாளை விரித்து, கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையில், அவை இருந்த இடத்தின் வடிவத்திலேயே அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் எழுதிவைப்பது. மாட்டும்போது கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டே வரலாம். கைப்பேசியில் படம் எடுப்பதைவிட இது மேல் என்பது என் அனுபவம், ஏனென்றால் படத்தில் போல்ட்டின் நீளம் தெரியாது.

முதல் ஞாயிறு முழுவதும் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதிலேயே போனது. எண்ணெய் புவியீர்ப்புக்கும் காற்றுக்கும் கட்டுப்பட்டது. அது சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எஞ்சினின் பின்பக்கத்தைக் கழுவி, துடைத்து, உலரவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைப் பஞ்சில் எடுத்துச் சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் ஒற்றினேன். பிறகு உபி சாலை வரை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போன்ற சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. அது தொடங்கிய இடம் கிராங்க் தண்டின் சீல் அல்ல. சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், கேபின் சுவரை ஒட்டி அமர்ந்திருக்கும் கேம் கோண சென்சாரின் அடிப்பகுதி. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு எந்த நிலையில் சுழல்கிறது என்று காரின் கணினிக்குச் சொல்வது அது. அந்த சென்சாரைச் சுற்றி ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது. பல்லாண்டு எஞ்சின் சூட்டில் அது நெகிழ்வை இழந்து பிளாஸ்டிக்கைப் போல இறுகிவிடும். அப்போது எண்ணெய் அதைத் தாண்டி ஹெட்டின் பின்புறமாக வழிந்து, கியர்பெட்டியின் முகத்தில் இறங்கி, பின்பக்க சீல் போய்விட்டது என்று எல்லாரையும் நம்பவைக்கும். இந்தக் காரின் மிகப் பழைய ஏமாற்று வித்தை இதுதான்.

சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 12 மில்லிமீட்டர் போல்ட். அதை எட்டுவதற்குத்தான் ஒன்றரை மணி நேரமும் வலக்கை விரல் முட்டிகளின் தோலும் ஆயின. எடுப்பதற்கு முன்னால் அதன் உடலிலும் ஹெட்டிலும் சேர்த்து ஊசியால் ஒரு கோடு கீறிவைத்தேன். சென்சாரைச் சற்றே திருப்பினாலும் தீப்பொறி விழும் நேரம் மாறிவிடும் என்பதால் அந்தக் கோடு முக்கியம். வெளியே வந்த ஓ-ரிங்கை நகத்தால் அழுத்தியபோது இரண்டாக ஒடிந்தது. புதியதன் விலை மூன்று வெள்ளி. கோட்டைக் கோட்டோடு சேர்த்து மாட்டியபின், கோட்டை மட்டும் நம்பாமல், எஞ்சின் அறையிலுள்ள சிறு கறுப்புப் பெட்டியில் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்து, கணினி தானாகத் திருத்தாதபடி செய்து, டைமிங் விளக்கால் பார்த்தேன். நிமிடத்துக்கு 850 சுற்றில் எஞ்சின் சும்மா ஓடும்போது, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு 10 பாகை முன்னதாகத் தீப்பொறி விழ வேண்டும். எனக்கு 12 காட்டியது. ஒரு மயிரிழை திருப்பி இறுக்கினேன். 1,400 வெள்ளி வேலை மூன்று வெள்ளியில் முடிந்தது என்று எழுதும்போது எனக்குள் ஒரு சிறுபிள்ளைத்தனமான மகிழ்ச்சி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பது. எஞ்சினைச் சூடாக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, ஆக்சலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு சுழற்றியபோது கிடைத்த அளவுகள் 172, 174, 170, 173 பிஎஸ்ஐ. எண்களின் உயரத்தைவிட அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்ததே எனக்கு நிம்மதி தந்தது. ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் இந்தப் பதிவே வேறு மாதிரி இருந்திருக்கும். காலையில் முதல் முறை கிளப்பும்போது வால்வுகளைத் தள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் எழுப்பும் டிக்டிக் ஓசை எண்ணெய் மாற்றியபின் குறைந்தது, முழுவதும் போகவில்லை. அதை நான் நோயாகக் கருதுவதில்லை.

எஞ்சினின் அடிப்படை நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பின்னர்தான் டைமிங் பெல்ட்டில், அதாவது கிராங்க் தண்டையும் கேம் தண்டுகளையும் இணைத்துச் சுழற்றும் பல்வாரில், கை வைத்தேன். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பதற்குத் தாளில் சான்று ஏதும் இல்லை. நான் ஓட்டிய தூரம் 70,000 கிலோமீட்டருக்கு மேல். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளா என்பது உண்மை. ஆனால் தீவு விரைவுச்சாலையின் நடுத்தடத்தில் எஞ்சின் நின்றுபோவதற்கு அந்த உண்மை ஆறுதல் ஆகாது. பெல்ட்டோடு வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர், கிராங்க் முன்பக்க சீல், இரண்டு கேம் சீல்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினேன். அவற்றுக்காக இன்னொரு முறை இவ்வளவையும் அவிழ்ப்பது மடமை.

கிராங்க் நடு போல்ட்டுக்கு 21 மில்லிமீட்டர் சாக்கெட். கியரை ஐந்தில் போட்டு, தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்த்தி பிரேக்கை மிதிக்கச் சொல்லி, ஒரு மீட்டர் நீளக் கம்பியை மாட்டித் தொங்கினேன். “அண்ணே, கார் பின்னால போகுது,” என்றார் அவர். சக்கரங்களுக்குக் கட்டை வைக்க மறந்திருந்தேன். கட்டை வைத்தபின் இரண்டாவது முயற்சியில், துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசையோடு போல்ட் அசைந்தது.

பெல்ட் மாட்டுவதில் கண்ணும் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு கேம் புல்லிகளிலும் ஆங்கில எழுத்துகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. காற்று உள்வாங்கும் பக்கத்துக்கு ‘ஐ’, புகை வெளியேறும் பக்கத்துக்கு ‘ஈ’. இரண்டும் மேல்நோக்கி நிற்கும்போது அவற்றுக்கு இடையே பெல்ட்டின் 19 பற்கள் இருக்க வேண்டும். நான் எண்ணியபோது 19 வந்தது. தேநீர் குடித்துவிட்டு வந்து எண்ணியபோது 18. இரண்டில் ஒரு தடவை நான் தவறியிருக்க வேண்டும் என்பதால், பெல்ட்டின் பற்களில் வெள்ளைப் பேனாவால் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து மூன்றாம் முறை எண்ணினேன். 18தான். தளர்வு முழுவதும் டென்ஷனர் இருக்கும் பக்கத்தில் சேர வேண்டும். நான் இரண்டு கேம்களுக்கும் நடுவே பெல்ட்டை மிகையாக இழுத்துவிட்டிருந்தேன். கழற்றி, ஒரு பல் விட்டு மாட்டி, மறுபடியும் எண்ணி, பிறகு தம்பியையும் எண்ணச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். டென்ஷனரை ஸ்பிரிங் தானாக இழுக்கும்படி விட்டு, கிராங்கைக் கையால் கடிகார திசையில் ஒன்று முழுச் சுற்றும் ஆறில் ஐந்து பங்கும் திருப்பி, அங்கே இருக்கும் குறியில் நிறுத்தித்தான் டென்ஷனர் போல்ட்டை இறுக்க வேண்டும். ஆறில் ஐந்து பங்கு என்ற கணக்கைப் படிக்கும்போது சிரிப்பு வரும்; ஆனால் வால்வு ஸ்பிரிங்குகள் பெல்ட்டை எந்தப் பக்கம் இழுக்கின்றன என்பது கிராங்க் நிற்கும் நிலையைப் பொறுத்தது என்பதால், வேறு நிலையில் இறுக்கினால் பெல்ட்டின் இழுவிசை தவறிவிடும்.

ரேடியேட்டரைப் பற்றிச் சுருக்கமாக. அதன் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பாக இருப்பது முதுமையில் பழுப்பாகும். பழுப்பானதை நம்பக்கூடாது. என்னுடையது பாகற்காய் வற்றலின் நிறத்துக்கு வந்திருந்தது. நமது நாட்டின் வெயிலில், மாலை நெரிசலில் அது பிளந்தால் எஞ்சின் ஹெட் வளைவது வரை கொண்டுபோய்விடும். யோசிக்காமல் மாற்றினேன். காரின் மூக்கை உயர்த்தி வைத்து, காற்றுக் குமிழி எல்லாம் போகும்வரை குளிரூட்டும் திரவம் ஊற்றியது தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இனி சஸ்பென்ஷன். என்னைப் பொறுத்தவரை இந்தக் காரின் உயிர் எஞ்சினில் இல்லை. நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக இரண்டிரண்டு கைகள் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு. அந்தக் கைகள் உடலோடு சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு ரப்பர் புஷ், அதாவது மூட்டில் வளைந்துகொடுக்கும் சிறு ரப்பர் உருளை. சாலைக்கும் என் உள்ளங்கைக்கும் நடுவே இருப்பவை அவைதாம். பனிக்கு உப்புத் தூவும் நாடுகளில் இந்தக் கார்களைத் துரு தின்கிறது. இங்கே உப்பு இல்லை. ஆனால் பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகைகூடத் தள்ளியில்லாத ஊரில், வெயிலும் ஈரமும் ரப்பரைத் தின்கின்றன.

அறிகுறிகள் இரண்டு. நிறுத்துமிடத்தின் வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன்னாலிருந்து ‘டொக்’ என்ற ஓசை. விரைவுச்சாலையில் நேராகப் போகும்போதே ஸ்டியரிங்கைச் சற்றுச் சற்றுத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டிய நிலை. காரை ஜாக்கியில் உயர்த்தி, ஸ்டாண்டுகளில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிறவர்களோடு நான் பேசுவதில்லை), சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன்; பால் ஜாயிண்ட் (சக்கரத்தைக் கைகளோடு சேர்க்கும் உருண்டை மூட்டு) தேய்ந்திருந்தால் அப்போது தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் முனை (ஸ்டியரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் இடம்). இரண்டிலும் ஆட்டமில்லை. அப்பாவின் கடப்பாரையைக் கீழ்க்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகி நெம்பியபோதுதான் கீழ்க்கை புஷ்ஷின் ரப்பர், உதடு பிரிவதைப் போல வாய் திறந்தது. வலப்பக்கமும் அப்படியே.

எனக்கு அதிர்ச்சி இதுதான்: அந்தப் புஷ்களை 2018இல் நானேதான் மாற்றினேன். தொழிற்சாலை போட்டவை இருபது ஆண்டுக்கு மேல் உழைத்தன; நான் போட்டவை ஏழு ஆண்டில் கிழிந்துவிட்டன. பொருளைக் குறை சொல்லலாம் என்று நினைத்து, கழற்றிய ஒன்றை அங்கிளிடம் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இறுக்கும்போது சக்கரம் எங்கே இருந்தது?

சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. கார் ஸ்டாண்டில் நின்றது, கைகள் தொங்கின, வசதியாக இருந்தது, இறுக்கினேன். தவறு அங்கேதான். இந்த ரப்பர் புஷ் தாங்குருளையைப் போல உள்ளே வழுக்கிச் சுழல்வது அல்ல. வெளியே ஓர் எஃகுக் குழல், உள்ளே ஓர் எஃகுக் குழல், நடுவே இரண்டோடும் வெப்பத்தில் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் சட்டத்தோடு அசையாமல் பிடிபட்டுவிடும். வெளிக்குழல் கையோடு சேர்ந்து நகரும். எனவே சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வளைந்துகொடுக்கிறது. கார் தன் எடையோடு தரையில் நிற்கும் உயரத்தில் இறுக்கினால், அந்த உயரத்தில் ரப்பர் இளைப்பாறும். ஏற்றத்தில் ஒரு பக்கமும் இறக்கத்தில் மறுபக்கமும் சிறிதளவு முறுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கிய கணமே ரப்பர் முழுவதும் ஒரே பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. வாகன நிறுத்துமிடத்தில் இரவு முழுவதும் சும்மா நிற்கும்போதும் அது முறுகித்தான் நிற்கிறது. வேகத்தடை வரும்போது, ஏற்கெனவே முறுகியது மேலும் முறுகுகிறது. 2018இல் வேலை முடித்தபின் முன்பக்கம் சற்று உயர்ந்து நின்றதையும், புது ரப்பரின் விறைப்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டதையும் அன்று நினைத்துப் பார்த்தேன். அது விறைப்பல்ல. நான்கு புஷ்கள் சேர்ந்து ஸ்பிரிங்கோடு ஸ்பிரிங்காகக் காரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

பாலியூரித்தேன் என்ற கடினமான செயற்கைப் பொருளாலான புஷ்களில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அவை உள்குழலின்மேல் சுழல்கின்றன. பட்டறைத் தம்பியும் அதைத்தான் பரிந்துரைத்தார். ஆனால் கிரீஸ் காய்ந்ததும் அவை கீச்சிடும், சாலையின் ஒவ்வொரு சிராய்ப்பையும் இருக்கைக்குக் கொண்டுவரும். பந்தயத்துக்கு அவை நல்லவை. நான் போவது தெம்பனிசுக்கு. மறுபடியும் ரப்பரே வாங்கினேன்.

முன் கீழ்க்கைகளை உடலோடு சேர்ப்பவை பக்கத்துக்கு இரண்டு நீள போல்ட்டுகள். அவற்றின் தலையில் மையம் விலகிய வட்டத்தட்டு இருக்கிறது. அதைத் திருப்பித்தான் சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்கிறார்கள். கழற்றுமுன் ஒவ்வொன்றின் நிலையையும் வெள்ளைச் சாயத்தால் குறித்தேன். மூன்று போல்ட்டுகள் மரியாதையாக வந்தன. நான்காவது, உள்குழலோடு துருவால் ஒன்றிப்போயிருந்தது. ஸ்பேனரைப் போட்டால் போல்ட்டோடு ரப்பரும் சேர்ந்து முறுகியதே தவிர அசையவில்லை. இரண்டு ஞாயிறு ஊடுருவும் எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், சூடு காட்டிப் பார்த்தேன், கடைசியில் அங்கிளிடம் கேட்டு மின்ரம்பத்தை வாங்கி, புஷ்ஷுக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பிளேடைச் செருகி அறுத்தேன். மூன்று பிளேடுகள், நாற்பது நிமிடம். பழைய காரில் புதுப்பொருளை மாட்டும் நேரம் கால்வாசிதான். மற்ற முக்கால்வாசியும் ஒரு போல்ட்டோடு நடத்தும் பேச்சுவார்த்தை.

புது போல்ட்டை மாட்டும்போது அதன் உடலில் செம்பு கலந்த கிரீஸைப் பூசினேன், அடுத்த முறை கழற்றப்போகிறவன் நானாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழ்த்தட்டும் என்று.

பழைய புஷ்களை அங்கிளின் 12 டன் பிரஸ்ஸில் வைத்து வெளியே தள்ளினோம். புதியவற்றை முந்தைய இரவே வீட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தேன். குளிரில் வெளிக்குழல் மயிரிழையளவு சுருங்கும், கையின் துளைக்குள் அழுத்த எளிதாக இருக்கும். கறிமீனுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே நான்கு ரப்பர் உருளைகளைக் கண்ட என் மனைவி, “இதை எந்தக் குழம்புல போடணும்?” என்று மட்டும் கேட்டார். ஐஸ் டப்பாவில் வைத்துக் காக்கி புக்கிட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ந்தபோது அவை இன்னும் உறைந்துதான் இருந்தன. நேராக உள்ளே இறங்கின.

‘டொக்’ ஓசை புஷ்களால் மட்டும் வரவில்லை. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்ட்டி-ரோல் பாரின் இணைப்புக் கம்பிகளில் ஆட்டம் இருந்தது; மாற்றினேன். அதிர்வைத் தணிக்கும் முன் அப்சார்பர்களில் எண்ணெய் கசிந்திருந்ததால் அவற்றையும் மாற்றினேன். ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியைக் கையாண்ட அரை மணி நேரம் தம்பியைப் பக்கத்தில் நிற்கவிடவில்லை. அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. “இருபது மில்லிமீட்டர் இறக்கிடலாமே அண்ணே, பார்க்க நல்லா இருக்கும்,” என்று அவர் தூரத்திலிருந்து சொன்னார். எங்கள் நிறுத்துமிடத்தின் ஆறாம் மாடிச் சரிவைப் பார்க்காதவர் அவர்.

இப்போது 2018இன் பாவத்தைக் கழுவும் நேரம். அவிழ்க்கத் தொடங்குவதற்கு முன்பே, கார் சமதரையில் நின்றபோது, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலேயுள்ள தகட்டின் விளிம்பு வரை அளந்து எழுதிவைத்திருந்தேன். முன்பக்கம் இரண்டும் ஏறக்குறைய 350 மில்லிமீட்டர், அதுவும் முறுகிய புஷ்கள் கொடுத்த பொய் உயரம் என்பதால் சில மில்லிமீட்டர் கழித்துக்கொள்ள வேண்டும். லிஃப்ட் இல்லாத எனக்கு வழி ஒன்றே: போல்ட்டுகளை எல்லாம் தளர்வாக விட்டு, சக்கரங்களை மாட்டி, நான்கு சக்கரத்தின் அடியிலும் அகலமான மரப்பலகைகளைச் சம உயரத்துக்கு அடுக்கி, காரை அவற்றின்மேல் இறக்கி, கைபிரேக் போட்டு, பலகைகளின் இருபுறமும் கட்டை அடித்து, சட்டத்தின் அடியில் ஸ்டாண்டுகளைத் தொடாமல் காவலுக்கு நிறுத்தினேன். முன்பக்கத்தைப் பலமுறை அமுக்கி அமுக்கி விட்டேன், கைகள் தமக்கு உகந்த இடத்தில் வந்து அமரட்டும் என்று. ஓட்டுநர் இருக்கையில் இரண்டு அரிசி மூட்டைகள்; என் எடைக்கு அவை சற்றுக் குறைவுதான். அதன்பிறகுதான் அடியில் நுழைந்து, மல்லாந்து படுத்து, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றாக இறுக்கினேன். மூக்குக்கும் எஞ்சின் அடித்தொட்டிக்கும் ஒரு சாண் இடைவெளி. ரெஞ்சைத் திருப்ப இடமில்லாமல், ஒரு போல்ட்டுக்குப் பத்துப் பதினைந்து முறை சிறிது சிறிதாகக் கிளிக், கிளிக் என்று தள்ள வேண்டியிருந்தது. எட்டு நிமிடத்தில் முடித்த 2018ஆம் ஆண்டு வேலைக்கு இந்த முறை இரண்டரை மணி நேரம் ஆனது. இறக்கி அளந்தபோது முன்பக்கம் 343. முறுக்கு இல்லாத உயரம் அது.

மறுநாள் அலைன்மெண்ட் கடையில் சாய்வையும் சக்கரங்களின் நேர்நிலையையும் சரிசெய்தார்கள். நான் வைத்த வெள்ளைக் குறிகள் ஓரளவுக்குத்தான் ஒத்திருந்தன.

அந்த வாரமே ஒரு விடியற்காலையில் பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு ஓட்டிச் சென்றேன். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி கார் பந்தயம் நடந்த தாம்சன் சாலைச் சுற்றுப்பாதையின் ஒரு பகுதி அது. இப்போது அங்கே மரநிழலும் குரங்குகளும்தான். வேகம் காட்டும் இடமல்ல, காட்டவும் இல்லை. ஆனால் வளைவுக்குள் நுழையும்போது ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குத் திரும்பி, பிறகு அதைத் திருத்தச் சொல்லாமல் கார் அப்படியே நின்றது. ஏழு ஆண்டாக நான் செய்துவந்த சிறு சிறு திருத்தங்கள் எவ்வளவு என்பது, அவை தேவையில்லாமல் போன அன்றுதான் கைக்குத் தெரிந்தது. வேகத்தடையில் ‘டொக்’ இல்லை. பின்னாலிருந்து மட்டும் மெல்லிய ஒரு முனகல் கேட்டது.

ஜூலையில் ஐந்தாண்டுக்குப் பணம் கட்டினேன். பத்தாண்டுக்கு எஞ்சின் தாங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, என் முதுகு தாங்குமா என்பதில்தான் ஐயம். பாதித் தொகையே வீட்டில் ஒரு மாதப் பேச்சுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த முனகல் பின் கீழ்க்கைகளிலிருந்து வருகிறது. அவற்றிலும் நான்கு நீள போல்ட்டுகள், முப்பது ஆண்டாக யாரும் தொடாதவை. புஷ்கள் வந்து மேசையின் அடியில் இருக்கின்றன. ஃப்ரீசரில் இடம் கேட்டாயிற்று. தீபாவளி முடியட்டும் என்று பதில் வந்திருக்கிறது.